வெளியே சாப்பிடும்போது மாவுச்சத்தை எப்படிக் குறைக்கிறீர்கள்? ஓட்டல் வேலை தெரிந்தவர்களும் சொல்லுங்கள்

திருச்சி_ரெப் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மருந்து கம்பெனியில் ரெப் வேலை. திருச்சியில் வீடு. கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை என்று மாதத்தில் இருபது நாளாவது வெளியில்தான் சாப்பாடு. வயது 41. போன வருஷம் மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c) 9.1 சதவீதம் என்று வந்தது. டாக்டரிடம் பேசி, அரிசி, கோதுமை, சர்க்கரையைக் குறைத்து, ஒரு நாளைக்கு 60 கிராம் மாவுச்சத்துக்குள் இருக்கிறேன். இப்போது 6.6. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் ஓடுகிறது.

வீட்டில் ஒரு தொந்தரவும் இல்லை. வெளியில்தான் கணக்கு உதைக்கிறது. வீட்டில் கோழி வறுவலும் முட்டைகோஸ் பொரியலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 120, 125. போன செவ்வாய்க்கிழமை ஒரு ஓட்டலில் சோற்றைத் தொடவில்லை, பரோட்டா பக்கம் திரும்பவில்லை. ஒரு பிளேட் சிக்கன் 65, ஒரு பிளேட் பெப்பர் சிக்கன் கிரேவி. அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் கழித்து 187. மீட்டர் கோளாறோ என்று கை கழுவிவிட்டு வேறு விரலில் குத்தினேன். 184.

இலையில் சோறே இல்லாதபோது இது எங்கிருந்து வந்தது? உங்களில் தினமும் வெளியில் சாப்பிடுகிறவர்கள் என்ன கேட்டு வாங்குகிறீர்கள்?

கீரைக்கட்டு எழுதியது:

65-தான் அண்ணா. அதில் கறி பாதி, மாவு பாதி.

மாஸ்டர்_22 எழுதியது:

தம்பி, நான் 22 வருஷம் அடுப்படியில் நின்றவன். பரோட்டாக் கல்லில் ஆரம்பித்து, அப்புறம் சைனீஸ், கடைசியில் மொத்த அடுப்படியும் என் பொறுப்பு. முட்டி போனதால் இப்போது வீட்டில் இருக்கிறேன். உங்கள் 187-க்கு நான் கணக்கு சொல்கிறேன்.

எங்கள் கடையில் 65-க்கு ஒரு கிலோ கோழிக்கு 120 கிராம் மாவு போடுவோம். கார்ன்ஃப்ளார், மைதா, கொஞ்சம் அரிசி மாவு. ஒரு கிலோவில் நாலு பிளேட் போகும். பிளேட்டுக்கு 30 கிராம் மாவு, அதில் ஏறக்குறைய 25 கிராம் மாவுச்சத்து. இரண்டு இட்லி சாப்பிட்ட மாதிரி. இது அளவாகப் போடும் கடையின் கணக்கு. கோழி விலை ஏறினால் மாவும் ஏறும்.

அடுத்தது உங்கள் கிரேவி. பெப்பர் சிக்கன் கிரேவி என்று கேட்டால் பல கடையில் அது சைனீஸ் அடுப்புக்குப் போய்விடும். அங்கே கார்ன்ஃப்ளாரைத் தண்ணீரில் கரைத்து ஒரு மக்கில் வைத்திருப்பார்கள். கடைசி நிமிஷத்தில் ஒரு கரண்டி ஊற்றிக் கிளறினால் குழம்பு பளபளவென்று கெட்டியாகும். அந்தப் பளபளப்பைப் பார்த்ததுமே தெரிந்துகொள்ளலாம். மிளகு, வெங்காயம், தேங்காய் அரைத்துச் செய்த குழம்பு அப்படி மினுங்காது, மேலே எண்ணெய் பிரிந்து நிற்கும். இன்னொரு விஷயம், அந்தக் கோழியையும் முதலில் மாவில் பொரித்துத்தான் போடுவார்கள். ஆக உங்களுக்கு இரண்டு பிளேட்டிலும் மாவு.

முக்கியமாக ஒன்று. சப்ளையரிடம் "மாவு இருக்குமா?" என்று கேட்டால் "இருக்காது சார்" என்றுதான் சொல்வார். பொய் சொல்ல வேண்டும் என்று இல்லை, அவருக்குத் தெரியாது. கல்லில் நிற்பவர், தந்தூரி அடுப்பில் நிற்பவர், சைனீஸில் நிற்பவர் எல்லாம் வேறு வேறு ஆள். சீட்டில் பேர் மட்டும்தான் உள்ளே வரும். அதனால் "மாவு இருக்கா" என்று கேட்காதீர்கள். "மாவு போடாமல் கல்லில் வறுத்துத் தரச் சொல்லுங்கள், கார்ன்ஃப்ளார் வேண்டாம் என்று மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள்" என்று வேலையாகச் சொல்லுங்கள். சீட்டில் எழுதிக் கொடுத்தால் நாங்கள் செய்வோம். எங்களுக்கு அது சுலபம்தான்.

திருச்சி_ரெப் எழுதியது:

மாஸ்டர், கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஒரு வருஷமாக நான் "மாவு இருக்குமா" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். சரி, அப்படியென்றால் கண்ணை மூடிக்கொண்டு எதை வாங்கலாம்?

மாஸ்டர்_22 எழுதியது:

முதலில் முட்டை. முட்டையில் மாவைக் கலந்து யாரும் லாபம் பார்க்க முடியாது. ஆம்லெட், ஆஃப்பாயில், பொடிமாஸ், கலக்கி, கரண்டி ஆம்லெட், எதுவானாலும் உங்கள் கண் முன்னால் உடைத்து ஊற்றுவார்கள். கலக்கி மட்டும் சில கடையில் சால்னா விட்டு அடிப்பார்கள். அதில் பொட்டுக்கடலை அரைத்திருக்கும். "சால்னா இல்லாமல், உப்பு மிளகு மட்டும்" என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்து மட்டன் சுக்கா, ஈரல், மூளை, ரத்தப் பொரியல். இவை ஆட்டுக் கறி மெஸ்களில் வெங்காயம், மிளகு, சோம்பு, எண்ணெயோடு முடிந்துவிடும். ஈரோடு, நாமக்கல் பக்கம் போனால் பள்ளிபாளையம் சிக்கன் கேளுங்கள். காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ப் பல்லும்தான், மசாலாத் தூள்கூடப் போடமாட்டார்கள். ஒழுங்காகச் செய்கிற இடத்தில் ஒரு சிட்டிகை மாவு இருக்காது. ஆனால் இப்போது ஊர் ஊராக அந்தப் பேரை வைத்து, பொரித்த கோழியைப் போட்டுக் கிளறித் தருகிறார்கள். துண்டின் மேல் தோல் மாதிரி மாவு உரிந்து வந்தால் அது பள்ளிபாளையம் இல்லை.

தந்தூரி நல்லது. தயிர், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு. எலும்போடு இருக்கும் தந்தூரிதான் பத்திரம். எலும்பில்லாத டிக்காவில் கொஞ்சம் கடலை மாவு சேர்ப்பார்கள், மசாலா ஒட்ட வேண்டும் என்பதற்காக. மீன் தவா ஃப்ரையிலும் இதே கதைதான். மசாலா உதிராமல் இருக்க ஒரு கைப்பிடி கார்ன்ஃப்ளார் விழும்.

கோவை_சுமதி எழுதியது:

மாஸ்டர் அண்ணா சொல்வதெல்லாம் அசைவக்காரர்களுக்கு. நான் முட்டைகூடச் சாப்பிடுவதில்லை. சைவ ஓட்டலில் மெனு அட்டையைத் திறந்தாலே முதல் பக்கம் முழுக்க மாவுதான், என்ன செய்வது என்று ஆறு மாதம் தவித்தேன். இப்போது எனக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறேன், சைவக்காரர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

மதிய நேரம்தான் நமக்கு நல்ல நேரம். சாப்பாட்டு நேரத்தில் உள்ளே பொரியல், கூட்டு, கீரை, ரசம், மோர் எல்லாம் தயாராக இருக்கும். மாலை டிபன் நேரத்தில் போனால் ஒன்றும் இருக்காது. உட்கார்ந்ததும், "ஒரு சாப்பாட்டுக்கு முழுப் பணம் தருகிறேன், சோறு வேண்டாம், பொரியலும் கீரையும் இரண்டு இரண்டு கிண்ணம் கூடத் தாருங்கள்" என்று சொல்லிவிடுவேன். பணம் குறைக்கச் சொல்லிக் கேட்பதில்லை. அந்த ஒரு வார்த்தையில் சர்வரின் முகம் மாறிவிடும். முதல் தடவை அந்தப் பெரியவர், "சாதம் இல்லாம எப்படிம்மா, வயிறு காயுமே" என்று கேட்டார். சர்க்கரை என்று சொன்னேன். சற்று நேரம் நின்றார். "என் வீட்டுக்காரிக்கும் இருக்கு" என்றார். அன்றிலிருந்து நான் போனால், பீன்ஸ் பொரியல் இருக்கிற நாளில் கேட்காமலே பெரிய கிண்ணத்தில் கொண்டு வந்து வைப்பார். உருளைக்கிழங்கு ரோஸ்ட் என்றால், "இன்னைக்கு உங்களுக்கு ஆகாது, கீரை மட்டும் வாங்கிக்குங்க" என்பார். அந்த மனுஷரால்தான் நான் இன்னும் வெளியில் சாப்பிட முடிகிறது.

கூட்டில் பருப்பு உண்டு, அவியலில் வாழைக்காயும் சேனையும் உண்டு, அதனால் அளவாகத்தான். சாம்பாரை நான் விட்டுவிட்டேன். எங்கள் ஊர்ப் பக்கம் ஓட்டல் சாம்பாரில் வெல்லம் தட்டும். மாலையில் டிபன் சாம்பார் என்றால் கடலை மாவு கரைத்து ஊற்றுகிறார்கள். தேங்காய்ச் சட்னியிலும் பொட்டுக்கடலை சரிபாதி. ரசம் பரவாயில்லை. இரவு வேறு வழியே இல்லை என்றால் பனீர் புர்ஜி. அது வெங்காயம், தக்காளி, பனீர், அவ்வளவுதான். பனீர் பட்டர் மசாலாவில் முந்திரியும் சர்க்கரையும் சேர்வதால் தொடுவதில்லை. கோபி 65, காளான் 65 பக்கமே போகாதீர்கள். காலிஃபிளவரில் மாவுச்சத்து குறைவு என்று நம்பி ஏமாந்தவள் நான். மேலே பூசிய மாவை யார் கணக்கில் எழுதுவது?

நாகை_வேந்தன் எழுதியது:

எல்லாரும் நல்ல நோக்கத்தில்தான் எழுதுகிறீர்கள். ஆனாலும் கேட்கிறேன். ஓட்டலுக்குப் போவதே ஒரு சந்தோஷத்துக்குத்தானே? இரண்டு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டால் உலகம் கவிழ்ந்துவிடுமா? என் அப்பாவுக்கும் முப்பது வருஷம் சர்க்கரை இருந்தது. அளவோடு எல்லாம் சாப்பிட்டார், 81 வயது வரை இருந்தார். சோற்றை எதிரியாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

திருச்சி_ரெப் எழுதியது:

வேந்தன் அண்ணா, அப்பா 81 வரை இருந்தார் என்று கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள் குடும்பத்தோடு போகிறவர் இரண்டு இட்லி சாப்பிடுவதை நான் குறை சொல்லமாட்டேன், சாப்பிடட்டும். எனக்கு ஓட்டல் சந்தோஷத்துக்கு இல்லை. காலை, மதியம், இரவு மூன்றும் அங்கேதான். நான் "இன்றைக்கு ஒரு நாள் போகட்டும்" என்று விட்டால் மாதத்தில் இருபது நாள் போய்விடும். 9.1 அப்படித்தான் வந்தது. இட்லி, பொங்கல், பரோட்டா என்று ஐந்து வருஷம் ஓடினேன். எனக்கு எட்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

நாகை_வேந்தன் எழுதியது:

தம்பி, அப்படி ஓடுகிற வேலை என்று யோசிக்காமல் எழுதிவிட்டேன். உங்கள் நிலைமையில் நீங்கள் செய்வதுதான் சரி.

மருந்துக்கடை_அக்கா எழுதியது:

ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். நான் மருந்தாளுநர், தினமும் சீட்டு பார்க்கிறவள். இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது நாளைக்கே சோற்றை நிறுத்திவிடப் போகிறீர்கள் என்று பயமாக இருக்கிறது.

திருச்சித் தம்பிக்கு மெட்ஃபார்மின் மட்டும்தான், அது தனியாக இருக்கும்போது சர்க்கரையை ரொம்பக் கீழே தள்ளுவது அபூர்வம். ஆனால் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அதே டோஸை வைத்துக்கொண்டு மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வை, நடுக்கம், கண் இருட்டு. வண்டி ஓட்டும்போது வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இன்னொன்று டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை. 2020-ல் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்து விலை இறங்கியதிலிருந்து நிறையப் பேர் சீட்டில் இருக்கிறது. இந்த மாத்திரையோடு மாவுச்சத்தை ரொம்பக் குறைத்தால் ரத்தத்தில் அமிலம் ஏறும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். அதிலும் ஆபத்து என்னவென்றால், மீட்டரில் சர்க்கரை சாதாரணமாகவே காட்டக்கூடும். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டரிடம் பேசி டோஸை மாற்றிய பிறகுதான் சாப்பாட்டை மாற்ற வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் இந்த இழையைப் பார்த்து எதையும் செய்யாதீர்கள்.

கீரைக்கட்டு எழுதியது:

அக்கா சொன்னதை முதல் பதிவிலேயே ஒட்டி வைக்கலாம். என் மாமாவுக்கு அந்த நடுக்கம் வந்தது, பஸ்ஸில்.

என் பங்குக்கு பிரியாணிக் கடை பற்றி. கறி இல்லாத பிரியாணிக்குக் குஸ்கா என்று ஒரு பேர் இருக்கிறது. சோறு இல்லாத பிரியாணிக்குப் பேரே இல்லை, அதனால் கேட்கவும் தெரியவில்லை. நான் பதினொன்றரை மணிக்கே போய்விடுவேன். அண்டாவின் மூடியை அப்போதுதான் திறப்பார்கள், கூட்டமும் இருக்காது. "கறி மட்டும் நாலு துண்டு, பிரியாணிக் காசு வாங்கிக்கொள்ளுங்கள்" என்றால் தருகிறார்கள். வெங்காயப் பச்சடியில் சர்க்கரை போட்டிருக்கிறார்களா என்று ஒரு வாய் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள். கத்தரிக்காய்த் தொக்கில் சில கடையில் வெல்லம் உண்டு.

தோஹா_முத்து எழுதியது:

இங்கே எங்களுக்குக் கவலை குறைவு. மிக்ஸட் கிரில் வாங்கினால் குபூஸ் ரொட்டியைத் தனியாக ஒதுக்கிவிடலாம், ஹமுஸை (கொண்டைக்கடலை விழுது) மட்டும் அளவாக. ஊருக்கு வந்தபோது கிரில் சிக்கன் கடையில் அதே மாதிரி வாங்கினேன். அங்கே மயோனைஸ்தான் சிக்கல். முட்டையும் எண்ணெயும் சேர்த்து அடித்தால் அதில் மாவுச்சத்தே இராது. ஆனால் பச்சை முட்டை மயோனைசுக்குத் தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை போட்டார்கள், உணவு விஷமாகும் பயத்தால். தடை போட்டது நியாயம்தான். அதிலிருந்து முட்டை இல்லாத வகைதான் நிறையக் கடையில். அந்தப் பாக்கெட்டின் பின்னால் பாருங்கள், சர்க்கரையும் ஸ்டார்ச்சும் எழுதியிருக்கும். எலுமிச்சையும் உப்பும் போதும் என்று நான் விட்டுவிட்டேன்.

கோவை_சுமதி எழுதியது:

பெரிய செயின் ஓட்டல்களுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். பத்தோ அதற்கு மேலோ கிளைகள் உள்ள ஓட்டல்கள் மெனுவில் ஒவ்வொரு உணவுக்கும் கலோரியைப் போட வேண்டும் என்று 2022 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. கலோரி என்பது மாவுச்சத்தின் கணக்கு இல்லை. ஆனாலும் "கிரீன் சாலட்" என்ற பேருக்கு எதிரே பெரிய எண் இருந்தால், இனிப்பு டிரெஸ்ஸிங்கோ பொரித்த ரொட்டித் துண்டோ உள்ளே இருக்கிறது என்று கேட்க ஒரு பிடி கிடைக்கும்.

மதுரைப்_பொண்ணு எழுதியது:

என் கேள்வி கொஞ்சம் வேறு. அப்பாவுக்கு 68 வயது. மாவுச்சத்தைக் குறைத்ததிலிருந்து சர்க்கரை நன்றாக இருக்கிறது, எட்டு கிலோ குறைந்திருக்கிறார். ஆனால் எங்களோடு வெளியில் சாப்பிட வருவதை நிறுத்திவிட்டார். போன மாதம் என் பையன் பிறந்தநாளுக்கு வற்புறுத்தி அழைத்துப் போனோம். எல்லாரும் வேண்டியதைச் சொன்னார்கள். அப்பா, "எனக்குப் பசியில்லை" என்று மோர் மட்டும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையன் தன் தட்டிலிருந்து ஒரு துண்டு நான் ரொட்டியைப் பிய்த்து, "தாத்தா, ஆ" என்று நீட்டினான். அப்பா சிரித்துக்கொண்டே அவன் கையை மெதுவாக விலக்கினார். அதற்கப்புறம் எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அப்பா சப்ளையரிடம் "அது வேண்டாம், இது வேண்டாம்" என்று கேட்பதற்கே கூச்சப்படுகிறார், மற்றவர்களுக்குத் தொந்தரவு என்கிறார். இதற்கு என்ன செய்வது?

மாஸ்டர்_22 எழுதியது:

அம்மாடி, அப்பாவைக் கேட்க விடாதீர்கள். ஓட்டலுக்குப் போகும் முன்னாலேயே நீங்கள் ஒரு போன் போடுங்கள். சாயங்காலம் நாலிலிருந்து ஆறுக்குள் பேசினால் அடுப்படியில் கூட்டம் இருக்காது, மாஸ்டரே போனுக்கு வருவார். "எங்க அப்பாவுக்குச் சர்க்கரை, எட்டு மணிக்கு வருவோம், மாவு இல்லாமல் ஒரு பிளேட் நாட்டுக்கோழி வறுவலும் ஒரு கரண்டி ஆம்லெட்டும் எடுத்து வைங்க" என்று சொல்லுங்கள். எல்லாருக்கும் வரும்போது அவருக்கும் தட்டு வந்து விழ வேண்டும். முடிந்தால் அவர் தட்டு முதலில் வரட்டும். சர்க்கரை என்று சொன்னால் எந்த மாஸ்டரும் முகம் சுளிக்க மாட்டார். நாங்கள் பாதிப் பேர் சர்க்கரைக்காரர்கள்தான். பத்து மணி நேரம் நின்றுவிட்டு, மிஞ்சின பரோட்டாவைத்தான் ராத்திரி ஒரு மணிக்குச் சாப்பிட்டோம்.

மதுரைப்_பொண்ணு எழுதியது:

மாஸ்டர் ஐயா, இது எனக்குத் தோன்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் போடப் போகிறேன்.

திருச்சி_ரெப் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நேற்று ராத்திரி திண்டுக்கல்லில் மாட்டிக்கொண்டேன், கடைசி டாக்டரைப் பார்த்து முடிக்கவே ஒன்பதரை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பரோட்டாக் கடை. வழக்கமாக மேஜையில் போய் உட்காருவேன். நேற்று மாஸ்டர் சொன்னதை நினைத்துக்கொண்டு நேராகக் கல்லுக்கு முன்னால் போய் நின்றேன். "அண்ணே, சர்க்கரை இருக்கு, பரோட்டா ஆகாது. கரண்டி ஆம்லெட் இரண்டு, மட்டன் சுக்கா ஒரு பிளேட், சால்னா வேண்டாம்" என்றேன்.

அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஓரத்து அடுப்பில் ஒரு குழிக் கரண்டியை வைத்தார். உள்பக்கம் கருத்துப் பளபளத்த பழைய இரும்புக் கரண்டி. எண்ணெய் கொஞ்சம் தாராளமாகவே விட்டார். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை. அது பொரிந்ததும் டம்ளரில் அடித்து வைத்த முட்டையை ஊற்றினார். ஓரம் முதலில் பொங்கி எழுந்தது, நடுவில் மட்டும் மஞ்சளாகத் தளதளத்துக்கொண்டிருந்தது. கம்பியால் ஓரத்தை நெம்பிக் கரண்டியை ஒரு உதறு உதற, பணியாரம் மாதிரி புரண்டு விழுந்தது. மிளகுத் தூளைத் தூவி இலையில் வைக்கும்போதுதான் என்னைப் பார்த்தார். "எவ்வளவு இருக்கு உங்களுக்கு?" என்றார். சொன்னேன். "எனக்கு 300-க்கு மேல, அதுக்கப்புறம் பார்க்கவே இல்ல" என்றார். பையிலிருந்து மீட்டரை எடுத்து, புது ஊசி போட்டு, அங்கேயே அவருக்குக் குத்திப் பார்த்தேன். 312. சர்க்கரைக்குப் பார்க்கும் என் டாக்டர் ஒருவர் அந்த ஊரில் இருக்கிறார், அவர் விவரத்தை எழுதிக் கொடுத்து, வெள்ளிக்கிழமை காலையில் நானே அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு இரண்டு மணி நேரம் கழித்து 127.

அடுத்த வாரம் கரூர். அங்கே ராத்திரி பதினோரு மணிக்கு மேல் முட்டை போடுகிற கடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.